துக்கத்துக்கு எத்தனை போகம்?

பூங்கார் நெல்லை ஒற்றை நாற்றாக நட்ட அனுபவத்தை எழுதித் தருவதாக ஆசிரியர் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. அந்த நெல் இரண்டரை வருஷம் பானையிலேயே கிடந்துவிட்டு எப்படி வயலுக்கு வந்தது என்பதை விட்டுவிட்டு, நாற்றங்காலை மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்கு. முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் இருந்தவன் நான், பாதிக் கணக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆகவே முழுசாகவே எழுதுகிறேன். விவசாயப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள், பூச்சிமருந்து பாட்டில் பற்றி வரும் இடங்களையாவது படித்துவிடுங்கள்.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு மூன்று ஏக்கர். ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கியது நான், விவசாயம் செய்தது என் மனைவி. நான் வரப்பில் நின்று நோட்டில் வரவு செலவு எழுதுவேன். அவள் சேற்றில் நிற்பாள். சொர்ணவாரிக்குப் பூங்கார், சம்பாப் பட்டத்துக்குக் கிச்சிலிச் சம்பா. அறுவடைக்கு முன்னால் வயலுக்குள் இறங்கி, கலவனைத் தள்ளிவிட்டு, நல்ல கதிராகப் பார்த்து விதைக்குத் தனியாக அறுப்பாள். ஆறேழு வருஷம் இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்த நெல். நொச்சி இலையோடு மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பானை மேல் சுண்ணாம்பால் வருஷத்தை எழுதி வைப்பாள்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் அவள் இறந்துபோனாள். உடம்பைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். சுடுகாட்டில் நானும் மகனும், ஊழியர்கள் இரண்டு பேரும். முகம் பார்க்க முடியவில்லை. ஊரடங்கு என்பதால் பதினாறாம் நாளுக்கும் யாரும் வரவில்லை.

நம் ஊர்ச் சாவு வீட்டுக்கு ஒரு முறை உண்டு. அடுப்பு பற்றவைக்கக் கூடாது, பங்காளி வீட்டிலிருந்து சோறு வரும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும். செத்தவன் வீட்டில் போய் இதையா விசாரிப்பது என்று நினைப்பேன். ஐம்பது பேரிடம் ஐம்பது முறை சொல்லும்போதுதான் நடந்தது நடந்ததாக மனசில் இறங்குகிறது என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. என்னிடம் கேட்க யாரும் இல்லை. போனில் கேட்டவர்களிடம் "ஆமாங்க, ஒன்பது நாள்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கூட்டம் வந்திருந்தாலும் ஆண்பிள்ளைகளுக்கு ஒப்பாரி கிடையாது. பந்தலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தச் சம்பாவுக்கு நிலத்தை வேறொருவரிடம் விட்டேன். 2022இல் நிலம் தரிசு. கோரை முழங்கால் உயரம். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. மகன் பெங்களூருக்குக் கூப்பிட்டான். போய் இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நம் இயக்க நண்பர்கள் பலர் வந்து பார்த்தார்கள். "மண்ணுல கால் வைங்க சார், மண்ணு எல்லாத்தையும் இழுத்துக்கும்" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, நானே மற்றவர்களிடம் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் எனக்கு மண் என்றால் அவள் நின்ற இடம். வரப்பில் ஏறினாலே நெஞ்சு அடைத்தது. சொந்தக்காரர்கள் மூன்று மாதம் பொறுத்தார்கள், அதன்பின் "இன்னுமா?" என்று கேட்டார்கள். வங்கியிலும் தவணை 90 நாள் தவறினால் வாராக்கடன்தான். ஆனால் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ரிசர்வ் வங்கியே இரண்டு போகம் பொறுக்கச் சொல்கிறது. துக்கப்படுகிறவனுக்கு அந்தச் சலுகைகூட ஊரில் இல்லை.

2022 நவம்பரில் ஒரு மழை ராத்திரி. மோட்டார் ரூம் பரணில், நிலத்தை விற்றவர் விட்டுப்போன பழைய பூச்சிமருந்து பாட்டில் ஒன்று இருந்தது. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஒன்பது வருஷமாக அப்படியே கிடந்தது. அன்றைக்கு ராத்திரி என் நினைப்பு அந்தப் பாட்டிலையே சுற்றியது. அதற்கு மேல் இதை விவரிக்க மாட்டேன்.

14416 என்ற எண் என் நோட்டில் இருந்தது. அந்த அக்டோபரில்தான் மத்திய அரசு 'டெலி மானஸ்' என்றும், தமிழக அரசு 'நட்புடன் உங்களோடு' என்றும் இந்த மனநல உதவி எண்ணைத் தொடங்கின. செய்தித்தாளில் பார்த்ததைப் பழக்கதோஷத்தில் குறித்து வைத்திருந்தேன். கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண். நான் முதலில் கேட்டது, "இது எந்தத் துறைம்மா?"

"சுகாதாரத் துறைங்க ஐயா. சொல்லுங்க."

என்னமோ சுற்றி வளைத்துப் பேசினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐயா, நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்றது அந்தப் பெண். எனக்குப் பேச்சு வரவில்லை. "வீட்ல பூச்சிமருந்து ஏதாச்சும் இருக்குங்களா?"

"நாங்க இயற்கை விவசாயம்மா. ஒரு சொட்டு கிடையாது" என்றேன். ராத்திரி முழுக்க அந்தப் பாட்டிலையே நினைத்துக்கொண்டிருந்தவன் சொன்ன பதில் இது. அந்தப் பெண் போனை வைக்கவில்லை. சும்மா இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உண்மையைச் சொன்னேன்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள், இப்போதே எழுப்ப முடியுமா என்று கேட்டது. எங்கள் நிலத்தை உழுகிறவர் நாலு வீடு தள்ளி இருக்கிறார். குடையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலோடு போய்க் கதவைத் தட்டினேன். "இன்னா சார் இந்நேரத்துல?" என்று வந்தவர், என் கையைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. "குடுங்க, பொட்டில வச்சிப் பூட்டிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். அப்புறம் பாயைச் சுருட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். "எங்க ஊட்ல ஒரே புழுக்கமா கீது சார், உங்க திண்ணையில படுத்துக்கறேன்." வெளியே கார்த்திகை மாசத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அப்படி ஆகாது என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் அனுபவம், ஆய்வும் அதையே சொல்கிறது. என்னளவில், அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்டதுமே பாரம் பாதி இறங்கியது.

அடுத்த வாரம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். பார்த்தார்கள். நான் டிராக்டர் கடன் கொடுத்து, நோட்டீஸும் அனுப்பிய ஒருவர் அதே வரிசையில் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். அடுத்த தடவை வணக்கம் வைத்துக்கொண்டோம்.

டாக்டர் சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்க்கச் சொன்னார், தூக்கத்துக்குச் சில வாரங்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். பிறகு உளவியலாளரிடம் அனுப்பினார். என் மருமகள் வயசுப் பெண். தடுப்பு வைத்த சின்ன அறை, கடகடவென்று ஓடும் மின்விசிறி. துக்கம் நோய் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டது. பெரும்பாலானவர்கள் வீடு, உறவு, நாள் ஓட்டம் இவற்றாலேயே தேறிவிடுகிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மட்டும் அது உறைந்து நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதற்கு ஆறு மாதம் என்று எல்லை வைக்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஒரு வருஷம் என்கிறது. "அப்போ வெளிநாட்டுலயும் இரண்டு போகம்தானா" என்றேன். அந்தப் பெண் சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

அங்கே என்னதான் செய்வார்கள் என்று பல பேர் கேட்கிறார்கள். அறிவுரை சொல்லவில்லை. தைரியமாக இருங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எப்படி ஆச்சுன்னு மொதல்லேர்ந்து சொல்லுங்க ஐயா" என்றது. சாவு வீட்டில் கேட்பார்களே, அதே கேள்வி. சொன்னேன். அடுத்த தடவை மறுபடியும் அதே. "காய்ச்சல் வந்த அன்னிலேர்ந்து, ஒவ்வொரு நாளா." மூன்றாவது தடவை, நான் தாண்டித் தாண்டிப் போன இடத்தில் என்னை நிறுத்தியது. "ரெண்டாம் நாளும் மூணாம் நாளும் என்ன நடந்துச்சு?"

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன். முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். கபசுரக் குடிநீர் கொடுத்தேன், மிளகு ரசம் கொடுத்தேன், ஆவி பிடிக்கச் சொன்னேன். ஆங்கில மருத்துவம் பற்றி நாம் கூட்டங்களில் பேசுகிற பேச்சு என் காதில் இருந்தது. மூன்றாம் நாள் சாயந்தரம் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கார் பிடித்தேன். அந்த இரண்டு நாள்தான் என் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. மகனிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்க தப்பில்லைங்க ஐயா" என்று சொல்லிவிடும் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதற்குப் பதிலாக, "பேங்க்ல ஒரு கடன் வசூலாகாம போச்சுன்னா, குடுத்த ஆபீசர் தப்புன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்த பாடம். கடன் கொடுத்த நாளில் அவர் மேஜையில் என்ன காகிதம் இருந்தது என்று பார்ப்போம். பின்னால் வந்த புயலையும் வெள்ளத்தையும் வைத்து முடிவு பண்ணக் கூடாது. "அப்போ அந்த ரெண்டு நாளுக்கு அந்த மாதிரி ஒரு ஆடிட் எழுதிட்டு வாங்க."

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன. ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்ற நாட்கள் அவை, போனால் அங்கேயே தொற்றிக்கொள்ளும் என்று எல்லாரும் பயந்தார்கள். அவளுக்கு முதல் இரண்டு நாள் மூச்சுத் திணறல் இல்லை. இதெல்லாம் ஒரு பக்கம். அவள் கேட்டாள், நான் மறுத்தேன் என்பது மறுபக்கம். ஐந்தொகை சமமாகவில்லை. அந்தப் பெண்ணும் அதைச் சமமாக்கிக் காட்டவில்லை. அவ்வளவையும் படித்துவிட்டு, "இதுல வருத்தம் எது, குத்தம் எது?" என்று மட்டும் கேட்டது. வருத்தம் இன்னும் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். கொலை செய்துவிட்டேன் என்ற நினைப்பு அந்த நோட்டை எழுதியதோடு விட்டது. அந்த நோட்டை மகனிடமும் கொடுத்தேன். படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து அன்றைக்கே பஸ் ஏறி வந்தான்.

நம் நண்பர்களுக்கு ஒன்று. கஷாயத்தை நான் இன்றும் விடவில்லை. ஆனால் மூச்சு வாங்கினாலும் சரி, மனசு உடைந்தாலும் சரி, முதல் நாளே டாக்டரைப் பார்ப்பது கொள்கைக்குத் துரோகம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

ஏழாவதோ எட்டாவதோ தடவை போனபோது, அவள் நினைவாக ஏதாவது கொண்டுவரச் சொன்னது. நான் பூங்கார் பானையைப் பற்றிச் சொன்னேன். அவள் கட்டிய முடிச்சை நான் அவிழ்க்கவே இல்லை, 2020 என்று சுண்ணாம்பு எழுத்து அப்படியே இருக்கிறது என்று. "விதைநெல் எத்தனை வருஷம் தாங்கும் ஐயா?" என்று கேட்டது. தெரியாமல்தான் கேட்டது. பதில் தெரிந்த எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. கடற்காற்று ஈரம் அடிக்கிற எங்கள் பக்கம் ஒரு வருஷத்துக்கு மேல் முளைப்புத்திறன் மளமளவென்று விழுந்துவிடும். அவள் ஞாபகம் என்று பத்திரமாக வைத்து வைத்தே அவள் விதையைச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

2023 ஏப்ரலில் முடிச்சை அவிழ்த்தேன். அழுதேன். நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் கட்டி வைத்தேன். நாலாம் நாள் முளைத்தது ஒன்பது. பானையில் இருந்தது 14 கிலோ. நூற்றுக்கு ஒன்பது என்றால் உயிருள்ளது ஒன்றேகால் கிலோ. ஒற்றை நாற்றாக நட்டால் ஏக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ போதும், ஆக அரை ஏக்கருக்கு ஆச்சு. பூங்கார் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் சார், எதுக்கு இந்தக் கஷ்டம் என்று சிலர் கேட்டார்கள். கிடைக்கும். அவள் பொறுக்கிய பூங்கார் கிடைக்காது.

நாற்றங்காலில் நிற்கும்போது ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் வரப்பைவிட்டு இறங்கவே முடியாது. பின்னுக்குப் போகிறேனோ என்று பயந்தேன். அப்படித்தான் இருக்கும் என்றது அந்தப் பெண். நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரூப், ஷட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் எழுதியிருக்கிறார்களாம்: துக்கம் படிப்படியாக ஏறிப் போவதில்லை, இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவதுதான் தேறுவது. எனக்கு இதைப் புரிந்துகொள்ள நெதர்லாந்து தேவைப்படவில்லை. கமலை இறைப்பதைக் கவலை இறைப்பது என்றும் சொல்வோமே. மாடு முன்னால் போகும், பின்னால் வரும். அப்படிப் போய் வந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும்.

இந்த நாட்களில்தான் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் இந்தக் கடற்கரைக் கிளை ஒன்றில் இருந்தேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. நிவாரணப் பணத்துக்குக் கணக்கு தொடங்க ஒரு அம்மா வந்தார். வாரிசு என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் "தைரியமா இருங்கம்மா" என்று சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். வரிசை நீளமாக இருந்தது. அவரிடம் எப்படி ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

கேட்டவர்களும் இருந்தார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையம், சுனாமிக்குப் பிறகு சென்னை சீனிவாசபுரம் குப்பத்துக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பியது. அவர்கள் டாக்டர்கள் இல்லை. உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். அப்படி ஆள் போன இடத்தில் மக்களின் மனச்சோர்வு போகாத இடத்தைவிடக் குறைந்திருந்தது என்று பின்னர் ஆய்வாகவும் வந்தது.

அதே சிநேகா செய்த இன்னொரு வேலை நம் பத்திரிகைக்கு நேரடியாகப் பொருந்தும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், வீட்டில் பூச்சிமருந்து வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பெட்டகம் கட்டி வைக்கச் செய்தார்கள். வங்கி லாக்கர் மாதிரியேதான், ஆளுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு சாவி. 2013இல் வெளியான அந்த ஆய்வு, அந்த ஊர்களில் பூச்சிமருந்துச் சாவு குறைந்ததைக் காட்டியது. மனசு உடையும் அந்தச் சில மணி நேரம் கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லை என்றால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். இலங்கை 1995இலிருந்து கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

நாம் விஷம் வாங்குவதை நிறுத்திவிட்டோம், சரி. இயற்கைக்கு மாறுவதற்கு முன் வாங்கியது எங்கே? உங்கள் மோட்டார் ரூமில், மாட்டுக் கொட்டகைப் பரணில், உரச் சாக்குக்குப் பின்னால் ஒரு தடவை பாருங்கள். என் பாட்டில் இன்னும் பக்கத்து வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. திரும்பி வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. கிணற்றிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது, புதைக்கவும் கூடாது. மாவட்ட வாரியாக இவற்றைச் சேகரித்து வேளாண் துறையிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை நம் இயக்கம் முன்னின்று கேட்க வேண்டும். அடுத்த செயற்குழுவில் நான் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன், வழிமொழிய ஆள் வேண்டும்.

உதவி தேவைப்படுகிறவர்களுக்கு: 14416 இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சிநேகாவின் எண் 044-24640050. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவரும் உளவியலாளரும் இருக்கிறார்கள், தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கோவளத்தில் பான்யன் அமைப்பும் இருக்கிறது. முதலில் போன ஓர் இடத்தில் ஒத்துவரவில்லை என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் நான் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தேன். மூன்று நிமிஷத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

இந்தச் சொர்ணவாரியில் பூங்கார் ஒன்றரை ஏக்கர். விதைக்குக் கதிர் பொறுக்க நானே இறங்கினேன். கலவனை அடையாளம் காண உழவர்தான் சொல்லிக் கொடுக்கிறார். "அது இல்ல சார், அந்தாண்ட கீது பாருங்க, அம்மா அதத்தான் புடுங்குவாங்க" என்று. பானை மேல் வருஷம் எழுதியாகிவிட்டது. ஒற்றை நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி, தூர் எண்ணிக்கை, செலவு எல்லாம் நோட்டில் இருக்கிறது. இடம் தந்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.